எத்தனை இலை?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஆட்டு விலை ஏறிவிடும். பேராவூரணியிலிருந்து கீரமங்கலம், அங்கிருந்து வடகாடு, கொத்தமங்கலம் என்று எந்தச் சாலையில் போனாலும் மண்டப வாசலில் பெரிய தட்டிகள், பின்கட்டில் அடுப்புப் புகை, உள்ளே வரிசையாக மேசைகள். தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் தொட்டுக்கொள்கிற இந்த வட்டாரத்துக்கு மொய் விருந்துதான் அடையாளம். கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடிப்பார், கறிச்சோறு போடுவார், மொய் வாங்குவார். ஆடியும் ஆவணியும்தான் அதற்கான மாதங்கள்.

வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "திருப்பித் தராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாது. எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. கொடுத்தவரின் கையெழுத்து இல்லை, வாங்கியவரின் கையெழுத்தும் இல்லை. ஊர்ப் பெயர், தலைப்பெழுத்து, பெயர், தொகை, இவ்வளவுதான் நோட்டில் இருக்கும். 2012-இல் நீங்கள் எனக்கு 1,000 ரூபாய் செய்திருந்தால், உங்கள் விருந்து வரும்போது அந்த 1,000-ஐத் திருப்பி வைத்து, அதற்கு மேல் 500-ஓ 1,000-ஓ புதுநடை வைப்பேன். உறவு தொடர்கிறது என்பதற்குப் புதுநடைதான் சாட்சி. வாங்கிய தொகையை மட்டும் வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று பொருள். ஒருவர் ஒருமுறை விருந்து வைத்தால் ஐந்து வருடம் பொறுத்துத்தான் அடுத்தது. தனியாக வைத்தால் செலவு கட்டுப்படியாகாது என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே நாளில், ஒரே பந்தலில் வைப்பதுண்டு. சமையல் பொது, மேசை தனித்தனி.

நான் 27 வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, இரண்டு ஜாமீன்தாரர் என்று ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்கு எத்தனை காகிதம் சேரும் என்று தினமும் பார்த்தேன். மாலையில் ஊருக்குத் திரும்பினால், 200 பக்க நோட்டு ஒன்றையும் ஒரு பேனாவையும் வைத்துக்கொண்டு ஒரே பகலில் பத்து லட்சம் திரட்டுகிற மனிதர்களைப் பார்த்தேன். 2012-இல் நானும் திரட்டினேன். 9,40,000 ரூபாய் வந்தது. தங்கை கல்யாணக் கடனை அடைத்து, ஆழ்துளைக் கிணறும் போட்டேன். அதே பணத்தில் 5 லட்சத்தை வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000 வட்டியே போயிருக்கும். என் அக்கம்பக்கத்து மனிதர்கள் என்னை நம்பியதன் விலை என்ன என்று யாராவது கேட்டால், ரூபாயிலேயே என்னால் பதில் சொல்ல முடியும்.

மொய்யைக் கொண்டாடுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. திருப்பிச் செய்வதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களை என் கவுன்ட்டரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் ஏழு பத்திரிகை வந்தால் கூலிக்காரன் வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டம். அதெல்லாம் உண்மை. ஆனால் இன்று நான் எழுத உட்கார்ந்தது வேறொரு நோட்டைப் பற்றி.

அது என் நண்பனுடைய மொய் நோட்டு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். பத்தாவதுக்குப் பிறகு நான் பட்டுக்கோட்டைக்குப் படிக்கப் போனேன். அவன் அவனுடைய அப்பாவோடு தென்னை ஏறப் போனான். பள்ளிக்கூடத்தில் "வாடா போடா" என்றுதான் பேசிக்கொள்வோம். எனக்கு வங்கியில் வேலை கிடைத்த பிறகு, மற்றவர்கள் இருக்கும்போது அவன் என்னை "நீங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை. அப்போது அது மரியாதை என்று நினைத்தேன்.

அவன் வீடு தெற்குத் தெருவைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கள் பகுதியில் அப்படிச் சொன்னாலே எந்தச் சாதி என்று புரிந்துவிடும்.

அவன் வெறும் கூலிக்காரனாகவே நின்றுவிடவில்லை. மரம் ஏறிச் சேர்த்த பணத்தில் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தான். மட்டைகளைக் கயிறு ஆலைகளுக்கு ஏற்றினான். 1998-லிருந்து எங்கள் ஊர் விருந்துகளில் எல்லாம் மொய் செய்தான். என் அப்பாவின் விருந்தில் செய்தான், என் விருந்தில் செய்தான். கூட்டிப் பார்த்தால் பதினைந்து வருடத்தில் 1,90,000 ரூபாய்க்கு மேல். அவன் மொய்யை வேண்டாம் என்று சொன்ன மேசை ஒன்றுகூட இல்லை. ஆனால் பந்தியில் அவன் எங்கே உட்கார்ந்தான், எப்போது உட்கார்ந்தான் என்று நான் கவனித்ததே இல்லை. அதைக் கவனிக்கத் தேவையில்லாத இடத்தில் நான் பிறந்திருந்தேன்.

2013-இல் அவன் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு ஒரு வங்கிக் கிளையில் மூன்று முறை அலைந்தான். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது கல்விக் கடன் திட்டத்தின் விதி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பெயரில் நிலம் ஏதாவது இருக்கிறதா?" என்றுதான் கேட்டாராம். அந்த வருட ஆடியில் அவன் தனியாகவே மொய் விருந்து வைக்க முடிவு செய்தான். கூட்டுப் பந்தலில் அவனைச் சேர்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. நானும் யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை.

என்னைத்தான் மொய் எழுதக் கூப்பிட்டான். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். 600 இலைக்குச் சமைத்திருந்தார்கள். 70 கிலோவுக்கு மேல் அரிசி, எட்டு ஆடு. பத்து மணிக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் மேசைக்கு வந்தார்கள், கவரைக் கொடுத்தார்கள், பெயர் சொன்னார்கள், வண்டியைத் திருப்பினார்கள். சிலர் வரவே இல்லை. தெருவில் ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு கவர்களைக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் வண்டியிலிருந்து இறங்காமலேயே பணத்தை நீட்டினார்.

நண்பன் பந்தல் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி, "ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சர்க்கரை என்றார்கள், விரதம் என்றார்கள், இன்னொரு விருந்துக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் அவன் மேசைக்கு வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "சாப்பிட்டவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடு." அன்று அவன் என்னை "நீங்கள்" என்று சொல்லவில்லை.

மாலையில் எண்ணிப் பார்த்தோம். 412 பெயர்கள். 2,84,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்துக்கும் அதற்கு மேலும் ஆயிற்று. பணத்தைப் பொறுத்தவரை யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவன் செய்ததைத் திருப்பினார்கள், பாதிப் பேர் புதுநடையும் வைத்திருந்தார்கள். அவன் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் விட்டுவிட்டு, மற்றவர்களில் புள்ளி விழுந்த பெயர்கள் 31.

இரண்டு அண்டா சோறும் குழம்பும் மிஞ்சின. சோற்றை மாட்டுக்கு அளவுக்கு மீறி வைத்தால் வயிறு உப்பிச் செத்துவிடும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் தோப்பில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டி, அவனும் அவன் தம்பிகளும் நானும் அதைப் புதைத்தோம். அவன் மனைவி குழியருகே வரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "பரவாயில்லையே" என்றார். அப்பாவின் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. 2,000 ரூபாய், பழைய நடை 1,000, புதுநடை 1,000. புள்ளி இல்லை.

அப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் 40 வருடம் ஒரே ஒரு வியாபாரிக்குத்தான் தேங்காய் போட்டார். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். எத்தனை காய் ஏறியது என்று ஒரு துண்டுச் சீட்டு வரும், பணம் இரண்டு மாதம் கழித்து வரும். விலையைப் பற்றி ஒருநாளும் தகராறு வந்ததில்லை. அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவர்களோடு பிரியாணி சாப்பிடுவார். பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பரில், ஊரே பதற்றமாக இருந்தபோது, பஸ் ஓடாத நாளில் சைக்கிளில் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அப்பா. அதே அப்பாவால், தன் தோப்பில் 25 வருடம் மரம் ஏறியவன் வீட்டில் ஒரு கைப்பிடிச் சோறு சாப்பிட முடியவில்லை. இந்த முடிச்சு என்னைப் பல வருடம் தூங்கவிடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். சௌமித்ர ஜா என்ற பொருளாதார அறிஞர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு ஒரு கதவைத் திறந்தது. இடைக்காலத்தில் கடல் வணிகம் நடந்த இந்தியத் துறைமுக ஊர்களையும் மற்ற ஊர்களையும் அவர் ஒப்பிட்டார். 1850-லிருந்து 1950 வரையிலான நூறு ஆண்டுகளில் அந்தத் துறைமுக ஊர்களில் இந்து–முஸ்லிம் கலவரங்கள் குறைவாகவே நடந்திருக்கின்றன. காரணமாக அவர் சொல்வது மனிதர்களின் நல்ல குணத்தை அல்ல. ஹஜ் பயணத்தோடு பின்னிக்கிடந்த அரபு வணிகத் தொடர்பு முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தது. அதை மற்றவர்கள் நகலெடுக்கவும் முடியாது, பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையைச் சுற்றிப் பழக்கங்களும் அமைப்புகளும் வளர்ந்தன. வணிகம் வேறிடத்துக்குப் போன பிறகும் பழக்கங்கள் நின்றன.

படித்ததும் அப்பாவின் துண்டுச் சீட்டு கண்முன்னே வந்தது. அந்த வியாபாரிக்கு வெளிச் சந்தை தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அவரை இழந்தால் அப்பாவுக்கு நஷ்டம். மரம் ஏறுகிறவன் போனால் இன்னொருவன் வருவான் என்றுதான் அப்பா அந்தக் காலம் முழுவதும் நினைத்திருந்தார். பிறகு எங்கள் பக்கத்தில் மரம் ஏற ஆளே கிடைக்காத நிலை வந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், கூலி ஏறியது, ஒரு வெட்டுக்கு ஆள் பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அப்பா என் நண்பனைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதே நேரம் எனக்கு நெஞ்சு கனத்தது. தேவை வந்தால்தான் மரியாதை வரும் என்றால், யாருக்கும் தேவைப்படாத கிழவனும் கிழவியும் எங்கே உட்காருவார்கள்?

இன்னொரு ஆய்வு 2011-இல் வந்தது, மூன்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதியது. "பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?" என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்கிறார்கள் அல்லவா, அதற்கு "நம்பலாம்" என்று சொல்பவர்கள் யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். சில நாடுகளில் "பெரும்பாலானவர்கள்" என்றால் முன்பின் தெரியாதவர்களும் சேர்த்தி. வேறு சில நாடுகளில் சொந்தமும் பழகிய முகங்களும் மட்டுமே. இதை எங்கள் ஊர் மொழியில் சொல்வதானால், எவ்வளவு மொய் வருகிறது என்பது ஒரு கணக்கு, எத்தனை ஊர்ப் பெயர்கள் நோட்டில் இருக்கின்றன என்பது இன்னொரு கணக்கு. நாங்கள் முதல் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

இரண்டாம் கணக்கில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நண்பனின் மகளே சாட்சி. படித்து முடித்து 2017-இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்த இரண்டு பெண்களோடு சேர்ந்து பக்கத்திலேயே வீடு பார்த்தாள். வடநாட்டில் குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பிய வேலை விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் நம்மவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். "சொந்த ஊர் எது? பேராவூரணிப் பக்கமா? அங்கே எந்தத் தெரு?" ஐந்தாவது வீட்டில் தெருவைக் கேட்டபோது அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டாள். கடைசியில் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு விடுதி. மாதம் 3,500 ரூபாய் கூடுதல் செலவு, போகவர இரண்டரை மணி நேரம். இரவுப் பணி முடித்து ரயிலில் நின்றுகொண்டே தூங்கியதாக அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வருடத்துக்கு 42,000 ரூபாய். அவள் அப்பா மரத்துக்கு இவ்வளவு என்று ஏறிச் சம்பாதித்த பணம், யாரோ ஒருவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காகப் போனது.

அப்புறம் கஜா வந்தது.

2018 நவம்பர் 15 இரவு காற்று ஆரம்பித்தது. 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறி, எங்கள் தலைமேல் நடந்து போனது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. விடிந்தபோது வாசலில் வானம் அகலமாகத் தெரிந்தது. அவ்வளவு வானத்தை எங்கள் வீட்டு வாசலிலிருந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் 240 மரங்களில் 19 நின்றன. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. பிள்ளைபோல வளர்த்த மரத்துக்கு 1,100. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம்.

அன்று காலை ஏழு மணிக்கு, விழுந்த மரங்களை வெட்டி வழியுண்டாக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் என் நண்பன். அவன் கூரையும் போயிருந்தது. ஓடு விழுந்து அப்பாவின் முழங்காலில் காயம். நண்பனும் அவன் தம்பியும் அவரை நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெரு, தெற்குத் தெரு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று எல்லாரும் அந்த நான்கு வகுப்பறைகளில்தான். ஒரே அண்டாவில் கஞ்சி. அப்பா நண்பனின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

எங்கள் ஊருக்கு மின்சாரம் வர 24 நாள் ஆனது. கம்பம் நட ஆள் போதாமல் கேரளத்திலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் டெல்டாவுக்கு வந்தார்கள். அந்த வருட ஆகஸ்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. எங்கள் ஊர் இளைஞர்கள் அப்போது அரிசியும் பாயும் திரட்டி அனுப்பியிருந்தார்கள். "பழைய நடையைத் திருப்பிவிட்டார்கள், புதுநடையும் வைத்துவிட்டார்கள்" என்று அப்பா சொன்னார். எந்த நோட்டிலும் எழுதாத மொய். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகச் சாமான் வந்தது. குல்லா போட்ட பையன்கள், சிலுவை மாட்டிய பையன்கள், கல்லூரிப் பெண்கள். எந்தத் தெரு என்று அவர்கள் கேட்கவில்லை. மெழுகுவத்தி எத்தனை வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த ஆடியில் விருந்து வைத்தவர்களுக்கு எதிர்பார்த்த மொய்யில் பாதிகூட வரவில்லை. தோப்பே இல்லாதவன் எதை வைத்துத் திருப்புவான்? ஆனால் யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றே நோட்டுகள் மூடப்பட்டன. அந்தப் பொறுமையால் பிழைத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் பல. வாரத் தவணைக் கம்பெனிகளிடம் போனவர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது, அவரவர் தெருவுக்குப் போனோம். அப்பாவும் நண்பனின் அம்மாவும் அதன்பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதாக நான் பார்க்கவில்லை. 2021-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். பாடையைத் தூக்கியவர்களில் நண்பனும் ஒருவன். அவன் தோள் கொடுக்க முன்வந்தபோது யாரோ முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவ்வளவுதான் தேவையாக இருந்திருக்கிறது. 2013-இல் நான் அப்படித் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அன்று சுடுகாட்டில் நின்றபோது நினைத்தேன்.

2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை, "இது தெருவில் கிடந்தது" என்று சொல்லி வங்கி, தியேட்டர், தபால் நிலையம் போன்ற இடங்களின் முன்மேசையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்தியாவும் அதில் உண்டு. பணமே இல்லாத பைகளில் 40 சதவீதம் உரியவரைத் தேடி வந்தன. பணம் இருந்த பைகளில் 51 சதவீதம். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பொதுமக்கள் நினைத்தார்கள், பொருளாதார அறிஞர்களும் இப்படி நடக்கும் என்று ஊகிக்கவில்லை. நடந்தது நேர்மாறு. தொலைத்த பணப்பை திரும்ப வரும் என்று நம்புகிறவர்கள் வாழ்க்கையில் அதிக நிறைவோடு இருக்கிறார்கள் என்றும், உண்மையில் வருவதில் பாதி அளவுக்குத்தான் மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றும் 2025-இன் உலக மகிழ்ச்சி அறிக்கை சொல்கிறது. காசு எண்ணியே வாழ்நாளைக் கழித்த எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். நாம் ஒருவரையொருவர் குறைத்தே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் செய்தியைப் படித்த அன்றே நண்பன் வீட்டுக்குப் போனேன். "இந்த ஆவணியில் நாங்கள் கூட்டு விருந்து வைக்கிறோம், நீயும் சேர்" என்றேன். அவன் நிறைய நேரம் பேசவில்லை. 2013-க்குப் பிறகு எந்த விருந்துக்கும் அவன் ஆளாகப் போனதில்லை. மொய்யை மட்டும் கவரில் கொடுத்தனுப்புவான். எங்களிடம் கற்றுக்கொண்டது. மகளை இப்போது திருச்சிக்கு மாற்றலாக்கிக் கொண்டுவந்துவிட்டான், அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. அவனுக்கும் பணம் தேவை. கடைசியில் அவன் மனைவிதான் உள்ளேயிருந்து, "அண்ணன் வாசல் ஏறி வந்து கேட்கிறார், சரி என்று சொல்லுங்கள்" என்றார்.

பன்னிரண்டு பேர் சேர்வதாக இருந்தோம். பத்திரிகைக்குப் பெயர் கொடுத்த மறுநாள் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஒருவர் காரணம் சொல்லவில்லை. மற்றவர் சொன்ன காரணத்தை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் நிற்கிறோம். பத்திரிகையில் பெயர்கள் அகர வரிசையில்தான் இருக்கும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதால், நண்பனின் பெயர் மூன்றாவதாக வந்திருக்கிறது.

நேற்று சமையல்காரர் வந்திருந்தார். கீரமங்கலத்துக்காரர், முப்பது வருடமாக மொய் விருந்துகளுக்குச் சமைப்பவர். பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "எத்தனை இலைக்குப் போட வேண்டும்?" என்று கேட்டார். பத்து மேசை இருந்தால் வழக்கமாக 2,000 இலை. எங்களில் மூத்தவர் ஒருவர், "இந்தத் தடவை 1,200 போதும், பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தம் அனுபவத்தை வைத்துச் சொல்கிறார். நூறு இலைக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, 800 இலை குறைத்தால் அரிசி, கறி, மளிகை என்று பெரிய பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டும் காட்டினார்.

நண்பன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். உட்கார் என்றால் இன்னும் உட்கார மாட்டான். "குறைத்தே போடுங்கள்" என்றான். "மிஞ்சினால் குழி வெட்ட எனக்கு இப்போது உடம்பில் தெம்பில்லை."

நான் உள்ளே போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வந்து சமையல்காரரிடம் முன்பணமாக 20,000 கொடுத்தேன். 2,000 இலை என்று அவருடைய நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.